விறகுக்குப் போன காடு

சும்மாடு என்பது, தலையில் சுமை ஏற்றுவோர் அதன் அழுத்தம் மண்டையில் நேரே இறங்காதபடி, பழஞ்சேலைக் கிழிசலையோ துவாயையோ முறுக்கி வளையமாகச் சுற்றி உச்சந்தலையில் வைத்துக்கொள்ளும் துணிச்சுருள் ஆகும். தண்ணீர்க் குடத்துக்கும் கொழுந்து மூட்டைக்கும் உதவிய இப்பொருள், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பெண்களின் வாழ்வில் விறகுக் கட்டோடுதான் நெருங்கிய உறவு கொண்டிருந்தது. எரிவாயு அடுப்பு நுழைந்த வீடுகளில் அது மெல்ல மறைந்து, கதவோரத்துக் கால்துணியாகவும் பழந்துணி மூட்டையின் ஒரு பகுதியாகவும் மாறிப்போயிற்று. ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் வெற்றுச் சிலிண்டர்கள் தெருவோரங்களில் வரிசை கட்டி நின்றபோது, கொடகவெல நகரை அடுத்து வாழும் ஒரு குடும்பத்தில் பழைய நூல்சேலையொன்று மீண்டும் முறுக்கப்பட்டது. அச்சேலையின் மடிப்புகளில் தங்கியிருந்த புகைவாடை, இந்நினைவுகளுக்கு உரியவரை அரை நூற்றாண்டுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இழுத்துச் சென்றது. இன்று பேத்தியர் இருவருக்குத் தாத்தாவாகிய அவர், அன்று ஆறேழு வயதுச் சிறுவன்.

கொடகவெல, பெல்மதுளையிலிருந்து மாதம்பே வழியாக எம்பிலிப்பிட்டியவை நோக்கி இறங்கும் பெருவீதியின் மேல் அமைந்த சிற்றூர். கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து, முட்புதர்களும் யானைகளும் உள்ள உடவளவைத் தாழ்நிலம் தொடங்கும். தென்மேற்கே சில கிலோமீற்றர் ஏறினால் இறக்குவானை மலைகளும், அவற்றின் முதுகில் சிங்கராஜ மழைக்காட்டின் கிழக்கு விளிம்பும் வந்துவிடும். ஈரமும் வறட்சியும் சந்திக்கும் இந்த எல்லையில், மேட்டில் தேயிலையும் சரிவில் இறப்பரும் (பாலுக்காகப் பட்டை சீவப்படும் மரம்) பயிராகின. அவற்றுக்கு இடையிலும் மேலாகவும் வெட்டப்படாத காடு துண்டு துண்டாக எஞ்சி நின்றது. உரிமைப் பத்திரம் இல்லாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதெனக் கருத வகைசெய்த 1840ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகவே மலைநாட்டுக் காடுகள் அரசின் கைக்கு வந்து, பின்னர் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. ஆகவே தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட ஓரறை வீடுகளில், பிறந்த பிள்ளைக்கு எல்லையின் இந்தப் பக்கம் தோட்டத்தினுடையது, அந்தப் பக்கம் அரசாங்கத்தினுடையது. இரண்டுக்கும் நடுவே ஓடிய ஒற்றையடிப் பாதையே அவனுடையது.

வாரநாட்களில் சிறுவர் உலகம் பிள்ளைக்காம்பராவோடு முடிந்துவிடும். தாய்மார் மலையில் வேலை செய்யும் நேரத்தில் குழந்தைகளை ஓர் ஆயாவின் பொறுப்பில் விட்டுச்செல்லும் அறைக்குத் தோட்ட மக்கள் இட்ட பெயர் அது. இன்று அதன் வாசற்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதப்பட்டிருக்கிறது. தொட்டில் சேலைகளும் மா கரைத்த கஞ்சியும் சாயத் தண்ணீரும் நிறைந்த அந்த அறையிலிருந்து ஞாயிறு ஒருநாள் விடுதலை. பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் காலைக் கூட்டம், இல்லாத அந்நாளில் கிழவிகள் கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு விறகுக்குப் புறப்பட, பேரப்பிள்ளைகள் பின்னால் தொற்றிக்கொள்வர். தேயிலை மலைகளில் கவ்வாத்து நடக்கும் காலத்தில், அதாவது செடியின் தலையை வெட்டிச் சீராக்கும் பருவத்தில், வெட்டுண்ட கிளைகளாகிய மிலாறு எரிப்பதற்குக் கிடைக்கும். இறப்பர் மலையில் காற்றுக்கு முறிந்த வாது கிடைக்கும். ஆனால் மிலாறு சட்டென எரிந்து சாம்பலாகும் என்பதும், இறப்பர் வாது புகைந்து கண்ணைக் கரிக்கும் என்பதும், நின்று எரியும் விறகு காட்டில்தான் உண்டு என்பதும் அந்தக் கிழவிகளின் உறுதியான கருத்து.

சிறுவனின் அம்மாயி, அதாவது தாயைப் பெற்றவள், இப்படையின் முன்னால் நடப்பாள். இடுப்பில் படங்கு எனப்படும் சாக்குத்துணி, தலையில் சும்மாடு, மடியில் வெற்றிலைப் பை, தகரப் பேணியொன்றில் தேங்காய்ச் சம்பல் தடவிய ரொட்டி ஆகியவையே அவளது பயண ஆயத்தம். மழை வந்தால், சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையையும் முதுகையும் மூடும் கொங்காணி பிள்ளைகளுக்குப் போடப்படும். மானாப்புல் வளர்ந்த மேட்டைத் தாண்டி, சிங்களத்தில் கெக்கில்ல எனப்படும் பன்னம் முழங்காலுக்கு மேல் அடர்ந்த சரிவைக் கடந்து, காட்டின் வாயை அடைந்ததும் அவள் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து, அங்குள்ள மரக்கவட்டில் செருகி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டே உள்ளே காலெடுத்து வைப்பாள். காட்டுக்குள் நுழையுமுன் கொப்பு ஒடித்துத் தொங்கவிட்டு ஐயனாயக்க என்னும் தெய்வத்தை வேண்டிக்கொள்ளும் வழக்கம் சிங்கள மக்களிடையே உண்டு. அத்தெய்வத்தின் பெயரில் தமிழரின் ஐயனார் இருப்பது வெளிப்படை. அம்மாயி இவ்வழக்கத்தைக் கிராமத்தாரிடமிருந்து பெற்றாளோ, கடல் கடந்து வந்த முன்னோரிடமிருந்து பெற்றாளோ என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று கேட்க அவள் இல்லை.

காட்டின் முதல் பாடம் அட்டை. ஈரவலயக் காடுகளில் சருகுக்கடியில் காத்திருந்து, காலடி அதிர்வும் மூச்சின் வெப்பமும் உணர்ந்து தலைதூக்கும் நிலத்து அட்டை, கடிக்கும்போது வலி தெரியாமலும், விட்டபின் குருதி எளிதில் உறையாமலும் செய்யும் பொருள்களைத் தன் உமிழ்நீரில் கொண்டது. குருதி வழிவதைக் கண்டபின்பே சிறுவர் அலறுவர். பிடுங்கினால் வாய் உள்ளே தங்கிப் புண்ணாகும் என்பது அம்மாயியின் எச்சரிக்கை. “இழுக்காத ராசா, வெத்தில எச்சிய வையி” என்று சொல்லி, சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த சாற்றை அவள் விரலால் தொட்டு வைத்த கணத்தில் அட்டை சுருண்டு விழும். இந்த வைத்தியத்தின் உறவினர்களைப் பிற்காலத்தில் நூல்களில் கண்டபோது இந்நினைவுகளுக்கு உரியவர் வியந்தார். 1344ஆம் ஆண்டில் சிவனொளிபாத மலைக்கு ஏறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் பாயும் அட்டையைப் பற்றியும், அதன்மேல் பிழிவதற்கென மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததைப் பற்றியும் எழுதியுள்ளார். கண்டியரசில் சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், எலுமிச்சையையும் உப்பையும் துணியில் முடிந்து கோலில் கட்டிக் கால்களில் தட்டிக்கொண்டே நடந்த மக்களைக் காணலாம். எலுமிச்சை வெற்றிலைச் சாறாக மாறியதைத் தவிர, அட்டைக்கும் மனிதனுக்கும் இடையிலான வழக்கில் ஆறு நூற்றாண்டுகளாகப் பெரிய திருத்தம் எதுவும் நிகழவில்லை.

இரண்டாவது பாடம் பெயர்கள். அம்மாயியின் காட்டில் மரஞ்செடிகளுக்கு இரு மொழிகளில் பெயர் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்தோர் ஊரில் கண்டவற்றுக்கோ, அவற்றை ஒத்தவற்றுக்கோ தமிழ்ப் பெயர் நின்றது: நெல்லி, நாவல், நாகமரம், காட்டுப்பலா என்று. ஊரில் கண்டிராதவை சிங்களப் பெயரையே ஏற்றன. பாளை சீவிப் பாணியும் கருப்பட்டியும் எடுக்கும் பனைவகை கித்துள். கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைத் தின்னத்தக்க பெருமரம் கெக்குன. ஊதாப் பூவும் கரும்பழமும் கொண்ட புதர்ச்செடி போவிட்டியா. எந்தப் பெயர் எந்த மொழியது என்ற எண்ணமே இல்லாமல் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே உச்சரித்தனர். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை கித்துள் என்று எழுதியதற்கு, அது தமிழ்ச்சொல் அன்று என்று சிவப்புக் கோடு விழுந்தது. சரியான தமிழ்ச்சொல் என்று ஆசிரியர் எழுதிக்கொடுத்த கூந்தற்பனை என்பதை அம்மாயியிடம் சொன்னபோது, அப்படியொரு மரம் இந்த மலையில் இல்லை என்று அவள் அறுதியிட்டுக் கூறினாள்.

போவிட்டியாப் பழத்தைத் தின்றால் நாக்கும் பல்லும் கருநீலமாகும். வீடு திரும்பியதும் யார் எவ்வளவு தின்றார் என்பதற்கு நாக்கே சாட்சி. அச்செடிவகையின் ஒரு பேரினத்துக்குத் தாவரவியலார் இட்ட மெலஸ்தோமா என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் கரிய வாய் என்பதே பொருள். ஆக, பெயரிட்ட அறிஞர்களுக்கும் லயத்துச் சிறுவர்களுக்கும் அச்செடியில் முதலில் கண்ணில் பட்டது ஒன்றே. பாந்துரா என்று சிங்களத்தில் வழங்கும் குடுவைச்செடி அவர்களுக்கு இன்னொரு விளையாட்டு. இலையின் நுனி நீண்டு மூடியிட்ட குடுவையாகி, அதில் விழும் எறும்பையும் பூச்சியையும் கரைத்துண்ணும் இச்செடி இலங்கைக்கே உரியது. 1753இல் தாவரவியலார் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயரிட்டார். குடுவையைக் கவிழ்த்து, உள்ளே எத்தனை எறும்பு என்று எண்ணிப் பந்தயம் கட்டுவதில் விறகு மறந்துபோகும். அம்மாயிக்கோ அதன் குடுவையில் அக்கறையில்லை. முறுக்கேறிய அதன் கொடி விறகுக் கட்டைக் கட்ட நல்லது என்பதோடு அவளது தாவரவியல் முடிந்தது.

மூன்றாவதாக, காதால் அறியப்பட்ட காடு ஒன்று இருந்தது. நீண்ட அமைதிக்குப் பின் திடீரென மரங்களின் நடுவே பல குரல்கள் ஒன்றாக எழுந்து, பத்துப் பன்னிரண்டு வகைப் பறவைகள் ஒரே திசையில் இரைதேடிக் கடந்துபோகும். சந்தைக்குப் போகுதுகள் என்பர் பிள்ளைகள். கொடகவெல வாரச் சந்தைக்குத் தோட்டத்தார் கும்பலாகப் போவதை அன்றி வேறு உவமை அவர்களிடம் இல்லை. இத்தகைய கலப்புக் கூட்டங்களைச் சிங்கராஜவில் பேராசிரியர் சரத் கொட்டகம முதலானோர் 1980களிலிருந்து ஆராய்ந்து, ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பன்னிரண்டளவு இனங்களும் நாற்பதளவு பறவைகளும் இருப்பதைக் கண்டனர். செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் கூட்டத்தின் உடலாகவும், கொண்டைக் கரிச்சான் அதன் காவலாளாகவும் அமைவதையும், அக்கரிச்சான் பிற பறவைகளின் குரல்களைப் போலி செய்வதையும் அவ்வாய்வுகள் விளக்குகின்றன. கரிச்சான் கத்தினால் நில் என்று அம்மாயி சொன்னதற்குக் காரணம் பருந்தோ பாம்போ மட்டும் அன்று; காவற்காரர் வருகிறார் என்பதையும் அது சொல்லும் என்று அவள் நம்பினாள்.

காவற்காரருக்கு அஞ்சவேண்டியிருந்தது உண்மை. உலர்ந்த சுள்ளிக்குப் பெரும்பாலும் யாரும் தடை சொல்வதில்லை. கத்தி பட்ட பச்சைக் கொம்பு கட்டுக்குள் தெரிந்தால் கத்தி பறிபோகும், சில வேளை கயிறும். அதே எழுபதுகளில் சிங்கராஜவின் மேற்குப் பகுதியில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்கள் இறங்கிப் பெருமரங்களை வெட்டிக்கொண்டிருந்தன என்பதும், மக்கள் எதிர்ப்பு வலுத்து 1977ஐ அடுத்தே அது நின்றது என்பதும், கத்தியைப் பறிகொடுத்த கிழவிகளுக்குத் தெரியாது. 1978இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1988இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்ட அக்காட்டின் வரலாற்றில் ஒட்டுப்பலகைக்கு ஓர் அத்தியாயம் உண்டு; சும்மாட்டுக்கு ஒரு வரிகூட இல்லை.

இவ்வாறு எழுதுவதால் அந்த ஞாயிறுகள் இன்பமாகவே கழிந்தன என்று கொள்ளலாகாது. பெண்பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதிலேயே சிறு கட்டு ஏறிவிடும். ஆண்பிள்ளை எறும்பு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவனுடைய அக்காள் கழுத்து நடுங்கச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளது நினைவில் அந்தக் காடு பறவையாகவோ பழமாகவோ இல்லை, கழுத்து வலியாகவே இருக்கிறது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் மாவும் அரிசியும் அரிதாகித் தோட்டங்களில் பட்டினி பரவியபோது, விறகுப் பயணம் கிழங்குப் பயணமாயிற்று. காட்டு வள்ளியின் எந்தக் கொடி இடமாகச் சுற்றும், எந்தக் கொடி வலமாகச் சுற்றும், எதை எத்தனை முறை அவித்து நீரை வடித்தால் தொண்டை கரகரக்காது என்பவை விளையாட்டுப் பாடங்களாக இல்லாமல் போயின.

அமெரிக்க உயிரியலாளர் றேச்சல் கார்சன், தம் உறவுக் குழந்தையுடன் கடற்கரையிலும் காட்டிலும் திரிந்ததை 1956இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அவர் மறைந்தபின் 1965இல் அது நூலாயிற்று. சிறு குழந்தைக்கு இயற்கையை அறிவதைவிட உணர்வதே பெரிதென்பது அவரது கருத்து. பெயர்களைக் கற்பிக்க அவசரப்படவேண்டாம் என்ற அந்த அறிவுரை நயமானதே. ஆனால் பசித்த வீட்டின் காட்டுக்கு அது முழுதும் பொருந்துவதில்லை. தின்னத்தக்க காய்க்கும் தின்னத்தகாத காய்க்கும் பெயர் வேறாக இருப்பதில் ஒரு பிள்ளையின் உயிர் தங்கியிருந்த இடத்தில், பெயரே முதல் உணர்வு.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்படத் தொடங்கியதும் விறகுப் படை மெலியத் தொடங்கியது. எறும்புப் பந்தயத்தில் எப்போதும் வென்ற தோழன் ஒருவன் தலைமன்னார்க் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தான். அங்கும் அவர்களுக்குக் கிடைத்தது காட்டோரத் தேயிலைதான் என்று பின்னர் வந்த கடிதம் சொல்லிற்று. 1977 ஓகஸ்டில் இனவன்முறை சப்ரகமுவத் தோட்டங்களை எட்டியபோது பல குடும்பங்கள் இரவுகளைத் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளிந்து கழித்தன. அச்சிறுவனும் ஓர் இரவு காட்டுக்குப் போனான். வெளிச்சமின்றி, பேச்சின்றி, அம்மாயியின் படங்கைப் பிடித்தபடி, கால் தானாக அறிந்திருந்த விறகுப் பாதையிலேயே அவர்கள் நடந்தனர். காட்டின் வாயில் கொப்பு செருக அன்று அவள் நிற்கவில்லை. அட்டைகள் அன்றும் கடித்தன, எவரும் அலறவில்லை. விடிந்தபின் கிராமத்துச் சிங்களப் பெண்ணொருத்தி, அம்மாயியோடு பல ஆண்டுகள் அதே காட்டில் விறகு பொறுக்கியவள், ஒரு பானைச் சோற்றுடன் பாதையின் பாதியில் வந்து நின்றாள். பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று அவள் யாரையும் கேட்டறியவில்லை.

அதன்பின் பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் பெயர்ந்தன. 1983இன் இனவன்முறை எஞ்சியோரில் மேலும் சிலரை விரட்டியது. எண்பதுகளின் இறுதியில் தென்னிலங்கை இளைஞர் காணாமற்போகத் தொடங்கியபோது கிராமத்துச் சிங்களத் தாய்மாரும் தம் பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் விடவில்லை; 1994இல் சூரியகந்தவில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டபோது அந்த அச்சத்தின் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. காட்டோரம் விளையாடும் வழக்கம் அற்றுப்போனதற்குத் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் மட்டும் குறைசொல்வோர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

அண்மையில் அன்றைய சிறுவனாகிய தாத்தா தம் பேத்தியர் இருவரையும், ஆறு வயதும் நான்கு வயதும் ஆனவர்களை, மலைப்பக்கத்து மழைக்காட்டுக்கு அழைத்துச் சென்றார். நுழைவுச்சீட்டு வேண்டும், வழிகாட்டி உடன்வர வேண்டும், முழங்கால்வரை ஏறும் அட்டைக் காலுறை வாடகைக்குக் கிடைக்கும். வழிகாட்டியாக வந்த சிங்கள இளைஞர் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மளமளவென அடுக்கினார். சிறுமியர் அவற்றைத் திருப்பிச் சொன்னார்கள். போவிட்டியாப் புதர் வந்ததும் தாத்தா நின்று, ஒரு பழத்தைத் தொட்டுக்காட்டி அதன் பெயரைச் சொன்னார். இளைஞர் திரும்பிப் பார்த்து, பறிக்கக் கூடாதென்று சொல்ல வாயெடுத்து, பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பெரியவளின் நாக்கு நீலமானது. சின்னவள் கண்ணாடி கேட்டாள்.

திரும்பும் வழியில் சின்னவள் பாதையோரத்துச் சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். எவரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கையில் அகப்பட்டதைச் சேர்ப்பது அந்த வயதின் இயல்பு. வாயிலை நெருங்கியதும் இளைஞர் குனிந்து, காட்டிலிருந்து ஒரு குச்சியும் வெளியே போகக்கூடாது என்று மென்மையாகச் சொன்னார். அவள் முகம் சுருங்கியதைக் கண்ட தாத்தா சுள்ளிகளை வாங்கித் தரையில் வைத்தார். தடித்தவற்றை அடியிலும் மெலிந்தவற்றை மேலுமாக அடுக்கி, பாதையில் அறுந்து கிடந்த கொடியொன்றால் அவர் அதைக் கட்டியபோது, கட்டிக்கொண்டிருப்பதை அவரே உணர்ந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் குந்திய இளைஞர், எங்கள் ஆச்சியும் இப்படித்தான் கட்டுவார் என்று சிங்களத்தில் சொன்னார். பாட்டியைக் குறிக்கும் அச்சொல் இரு மொழியிலும் ஒன்றே என்பதால் சிறுமியருக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அவர் கொடியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, இந்த முடிச்சு இறக்கத்தில் நழுவும் என்று கூறி அதை அவிழ்த்து, இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கி, கட்டை மரத்தடியில் சாய்த்து வைத்தார்.